அடிநாதம்: பேஸ் கிட்டார் பற்றி வாசகர்கள் கேட்டவை

(புதுச்சேரி, கடலூர் வட்டாரத்து மெல்லிசை மேடைகளிலும் சிறிய உணவகக் கச்சேரிகளிலும் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேஸ் கிட்டார், அதாவது பாட்டுக்கு அடியில் தாழ்ந்த சுரங்களைத் தரும் கிட்டார், வாசித்துவரும் நம் இசைப்பகுதி எழுத்தாளர், இம்மாதம் வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

திருப்பாப்புலியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: என் கையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. கிட்டார், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் இதற்குள் வாங்க வேண்டும். ஐந்து கம்பி பேஸ் வாங்கினால்தான் சினிமாப் பாட்டு வாசிக்க முடியும் என்கிறார்கள். உண்மையா?

நான்கு கம்பியே போதும். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடை வாசலில் உங்கள் மனம் மாறிவிடும். நான்கு கம்பிப் பேஸில் மிகவும் தடித்த ‘ஈ’ (மேற்கத்தியச் சுரங்களின் எழுத்துகளே கம்பிகளின் பெயர்) கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால், அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. ஐந்தாவதாகச் சேரும் ‘பி’ கம்பி 31 முறை அதிர்கிறது. நீங்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கும் எட்டு அங்குல ஸ்பீக்கர் அந்த 41-ஐயே ஒழுங்காக எழுப்பாது. 82, 123 என்று அதன் மடங்குகளாக வரும் மேல் ஒலிகளைத்தான் எழுப்பும், அவற்றைக் கொண்டு அடியில் இருக்க வேண்டிய ஒலியை நம் மூளை தானாகவே ஊகித்துக்கொள்ளும். அப்படியிருக்க, 31-க்காகக் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு அதை நீங்களே கேட்காமல் இருப்பதில் என்ன பயன்? பாடகர் சுருதியை இறக்கச் சொல்லும் நாளில் ‘ஈ’ கம்பியைத் தளர்த்தி ‘டி’-க்குக் கொண்டுவந்துவிட்டால், பெரும்பாலான பாடல்கள் அதற்குள் அடங்கிவிடும்.

பழைய கிட்டாருக்குத் தயங்க வேண்டாம். 1951-இல் அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸின் அடிப்படை அமைப்பில் இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை; 34 அங்குலக் கம்பி நீளம், நான்கு முறுக்காணி, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒரு பிக்கப், இரண்டு திருகு, அவ்வளவுதான். பத்து ஆண்டு பழையதில் கெட்டுப்போகக்கூடியது குறைவு. கழுத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். கிட்டாரை மடியில் வைத்து, தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுகளின் மேல் கம்பிக்கு அடியில் எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இடைவெளியே இல்லை என்றாலும், தீப்பெட்டிக் குச்சி நுழையும் அளவு இருந்தாலும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அந்தத் திருகாணி நகர்கிறதா என்பதை விற்பவரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். திருகாணி வழுக்கிப் போயிருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

தொகையில் பெரும்பங்கைக் கிட்டாருக்கும், ஒரு சிறு பங்கை அதைச் சீராக்கித் தரும் தொழில் தெரிந்த கைக்கும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் ஹெட்போன் செருகக்கூடிய சிறிய பயிற்சி ஆம்ப் ஒன்று வாங்கினால் போதும். மேடைக்குரிய ஆம்ப் இப்போது வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது அடுத்தடுத்த பதில்களில் தெரியும்.

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு தந்தை: என் மகன் மூன்று ஆண்டுகளாகப் பேஸ் வாசிக்கிறான். கச்சேரிக்கு நானும் போகிறேன். செல்போனில் பதிவுசெய்து வந்து வீட்டில் போட்டுக் கேட்டால் அவன் வாசிப்பது மட்டும் காதில் விழவே இல்லை. மற்றவர்கள் அவனை மறைக்கிறார்களா?

உங்கள் மகனை யாரும் மறைக்கவில்லை ஐயா, மறைப்பது உங்கள் செல்போன்தான். அதன் ஸ்பீக்கர் விரல் நகத்தளவே உள்ளது. பேஸின் அடி ஒலிகளை எழுப்பும் அளவுக்குக் காற்றைத் தள்ள அதனால் முடியாது. உங்கள் மகனிடமே ஒரு நல்ல ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, எண்பதுகளின் இளையராஜா பாடல் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். பாட்டை விட்டுவிட்டு, பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு குரல் நடந்துகொண்டிருப்பதை மட்டும் பின்தொடருங்கள். அந்தக் காலத்து ஒலிப்பதிவுகள் பலவற்றில் அதை வாசித்தவர் சசிதரன், பின்னாளில் ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ். இரண்டாவது சரணத்தில் மெட்டு மாறாமல் இருக்கும்போதும் ஏதோ புதிதாக நடப்பதுபோல் நமக்குத் தோன்றுகிறதே, பல இடங்களில் அது அடியில் நடக்கும் அந்தக் குரல் வழி மாறிப் போவதால் வருவது.

அடுத்த கச்சேரியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பாட்டின் நடுவில் எட்டுத் தாளம் மட்டும் வாசிக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். கூட்டத்தில் ஒருவருக்கும் காரணம் தெரியாது. ஆனால் ஆடிக்கொண்டிருந்த கால்கள் நின்றுவிடும். நாங்கள் இதைப் பலமுறை விளையாட்டாகச் செய்து கீபோர்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருக்கிறோம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு மெல்லிசைக் குழு உறுப்பினர்: 100 வாட் ஆம்ப் வைத்திருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் டிரம்ஸோடு வாசிக்கும்போது எனக்கே நான் கேட்பதில்லை. 200 வாட் வாங்கினால் சரியாகுமா? எத்தனை வாட் வேண்டும்?

வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல். கவனித்துக் கேட்டால் ‘சற்றுக் கூடியிருக்கிறது’ என்று சொல்லக்கூடிய அளவு, அதற்கு மேல் இல்லை. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே நூறுக்குப் பதில் இருநூறு வாங்குவது பணத்துக்குக் கேடு. அதே நூறு வாட்டில், அதிக உணர்திறன் உள்ள நல்ல ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை இணைத்தால் அந்த 3 டெசிபல் தானாகவே வந்துவிடும். இப்போது கிடைக்கும் ‘கிளாஸ் டி’ வகை ஆம்ப்கள் 500 வாட் கொடுத்தும் மூன்று கிலோவைத் தாண்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த 500 என்ற எண் பெரும்பாலும் 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்குச் சொல்லப்பட்டது. உங்கள் பெட்டி 8 ஓம் என்றால் ஏறத்தாழ அதில் பாதிதான் வரும். பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஆம்ப்புக்கும் பெட்டிக்கும் இடையில் கிட்டார் ஒயரைப் போட வேண்டாம். அதற்கென்றே தடித்த ஸ்பீக்கர் ஒயர் இருக்கிறது.

இனி உண்மையான காரணத்துக்கு வருகிறேன். உங்கள் ஆம்ப் எங்கே இருக்கிறது? மண்டப மேடையில் இடம் இல்லாமல், உங்கள் கணுக்காலை ஒட்டித் தரையில் வைத்திருப்பீர்கள். அது உங்கள் முழங்காலுக்குக் கச்சேரி நடத்திக்கொண்டிருக்கும். ‘ஈ’ கம்பியின் ஒலி அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 8.3 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை எல்லாப் பக்கமும் பரவிப் பந்திவரை போய்விடும்; சுரத்தைத் தெளிவாகக் காட்டும் மேல் ஒலிகள் மட்டும் ஸ்பீக்கர் பார்க்கும் திசையில், உங்கள் முழங்காலுக்கே போகின்றன. அதனால்தான் மேடையில் நிற்கும் நீங்கள் ‘கேட்கவில்லை’ என்று திருகைக் கூட்டும் அதே நேரத்தில், பின்வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா மார்பில் கைவைத்துக்கொண்டு எழுந்து போகிறார். பெட்டியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேலேற்றி, சற்றுச் சாய்த்துக் காதுக்கு நேராக வையுங்கள். தரையிலிருந்து எழும் தேவையற்ற குமுறல் குறையும், உங்கள் விரல் கம்பியைத் தொடும் ஓசையும் கேட்கும். பிறகு ‘பேஸ்’ திருகை நடுவுக்குக் கொண்டுவந்து, ‘மிட்’ திருகைச் சற்றே கூட்டுங்கள். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அந்த ஒலி மூக்கால் பேசுவதுபோல இருக்கும். டிரம்ஸுக்கும் கீபோர்டுக்கும் நடுவில் அதுதான் வெளியே வரும். தனியாகக் கேட்க இனிமையாக வைத்த ஒலி கூட்டத்தில் காணாமல் போவதை நான் பத்து ஆண்டு கழித்துத்தான் உணர்ந்தேன்.

இன்னொன்று. ஒவ்வொரு அறைக்கும் அதற்கே உரிய ஒரு சுரம் உண்டு. புதுச்சேரி வெள்ளைப்பகுதியில் பழைய பிரெஞ்சு வீடொன்றை உணவகமாக்கியிருந்த இடத்தில் மூன்று ஆண்டுகள் மாதம் ஒரு முறை வாசித்தோம். நாங்கள் நின்ற கூடத்தில் இரண்டு சுவர்களுக்கு இடையே 4 மீட்டருக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டால், அந்த இடைவெளி சரியாக ‘ஈ’ கம்பியின் அரை அலை. ‘ஈ’ வரும்போதெல்லாம் மேசைமேல் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று மெல்லப் பேசும். பக்கத்துச் சுரமான ‘எஃப்’ வந்தால் ஓய்ந்துவிடும். முதல் மாதம் மிக்ஸர்காரர் ஒட்டுமொத்தப் பேஸையும் குறைத்தார், பாட்டே சோடைபோனது. இரண்டாம் மாதத்திலிருந்து 40 ஹெர்ட்ஸ் பக்கம் மட்டும் வெட்டினோம். நானும் பாட்டு ‘ஈ’-யில் நிற்கும் இடங்களில் ஓர் எண்மம் (ஆக்டேவ்) மேலே போய் வாசித்தேன். புதிய இடத்துக்குப் போனால், கூட்டம் வருவதற்கு முன் கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுரமாக ஒரே விசையில் மீட்டிக்கொண்டே கூடத்தின் நடுவுக்கும் மூலைக்கும் நடந்துவிட்டு வாருங்கள். எந்தச் சுரம் அந்த அறையில் வீங்குகிறது என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். நீளமான ஒயர் இருந்தால் இதற்கு ஆள் வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வில்லியனூரிலிருந்து ஒரு வாசகர்: ஆம்ப்பை ஆன் செய்ததும் ‘ம்ம்’ என்று உறுமுகிறது. கம்பியைத் தொட்டால் குறைகிறது. போன வாரம் கம்பியைப் பிடித்துக்கொண்டே மைக்கில் பாடப் போனேன், உதட்டில் சுரீரென்று ஷாக் அடித்தது. கிட்டாரில் பழுதா?

இவை இரண்டும் வேறு வேறு. முதலாவது தொல்லை; இரண்டாவது உயிருக்கு ஆபத்து.

கம்பியைத் தொட்டதும் உறுமல் குறைவது பழுதன்று. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாக அலைவது. குழல்விளக்கு, டிம்மர், ஒயர்கள் எல்லாம் அதைக் காற்றில் பரப்புகின்றன, உங்கள் உடம்பும் அதை வாங்கிக் கிட்டாருக்குத் தருகிறது. கம்பியைத் தொடும்போது நீங்களும் கிட்டாரின் தரையிணைப்போடு சேர்ந்துவிடுவதால் அது தணிகிறது. இரண்டு பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையில், இரண்டின் ஒலித் திருகுகளையும் முழுமையாகத் திறந்துவைத்தால் ஒன்றின் உறுமலை மற்றொன்று பெரும்பாலும் அழித்துவிடும்; ஒன்றை மட்டும் குறைத்தால் உடனே திரும்பி வரும்.

உதட்டில் அடித்த ஷாக் என்பது, உங்கள் ஆம்ப்பின் எர்த்தும் மைக் செல்லும் மிக்ஸரின் எர்த்தும் ஒரே நிலையில் இல்லை, அல்லது இரண்டில் ஒன்றுக்கு எர்த்தே இல்லை என்பதன் அறிகுறி. ஆண்டுகளுக்கு முன் கடலூர் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் பாடகர் இதே போல் அடிவாங்கினார். இடைவேளையில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் மேடைச் சுவரின் மூன்று துளைச் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார்: மேல்துளைக்குப் பின்னால் ஒயரே கிடையாது, ஒரு சிலந்திக்கூடுதான் இருந்தது. வண்ணம் பூசிய பலகையும் மூன்று துளையும் பார்த்து நாங்கள் எல்லாரும் நம்பியிருக்கிறோம்.

இனி இதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: மேடையில் உள்ள ஆம்ப், கீபோர்டு, மிக்ஸர் எல்லாவற்றுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து கிளை எடுங்கள், 30 மில்லியாம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் பொருத்திய நீட்டிப்புப் பலகை ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்குங்கள், பாடுமுன் மைக்கின் வலைப்பகுதியை ஒரு டெஸ்டரால் தொட்டுப் பாருங்கள், விளக்கு எரிந்தால் பாடாதீர்கள். ‘உறுமல் நின்றுவிடும்’ என்று சொல்லிப் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துத் தருபவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். உறுமல் நிற்கும் என்பது உண்மைதான். பழுது வரும் நாளில் அந்த மின்சாரம் பூமிக்குப் போகும் வழி நீங்களாகத்தான் இருப்பீர்கள். உறுமலை நிறுத்துவதற்கு உரிய கருவி டிஐ பாக்ஸ் எனப்படும் சிறு பெட்டி. அதில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்றொரு சுவிட்ச் இருக்கிறது. அது ஒலி ஒயரின் தரையிணைப்பை மட்டும் துண்டிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை.

முதல் கடிதத்தில் மேடை ஆம்ப் வேண்டாம் என்றேனே, அதற்கும் இந்தப் பெட்டிதான் காரணம். பேஸ் கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டம் ஆறேழு மீட்டர் ஒயரைத் தாண்டினால் கூர்மை இழந்துவிடும். டிஐ பாக்ஸ் அதை மைக் ஒயரில் போகும் வகைக்கு மாற்றி, முப்பது மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிக்ஸர்காரரிடம் சேதமின்றிச் சேர்க்கும். பேட்டரி இல்லாத சாதாரணக் கிட்டார் என்றால், மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் வாங்கி இயங்கும் ஆக்டிவ் வகை வாங்குங்கள். கிட்டாருக்குள்ளேயே பேட்டரி இருந்தால் விலை குறைந்த சாதாரண வகை போதும். மைக்செட்காரர்களில் பலர் பேஸுக்கென்று டிஐ கொண்டுவருவதில்லை. உங்களுடையதை நீங்களே கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், கச்சேரி முடிந்ததும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இதுவரை இரண்டைத் தொலைத்திருக்கிறேன்.

காலாப்பட்டிலிருந்து ஒரு வாசகர்: வீடு கடற்கரைக்கு அருகில். புதுக் கம்பி போட்டால் ஒரு மாதத்தில் துரு ஏறிவிடுகிறது. ஒரு செட் கம்பியின் விலையை நினைத்தால் வாசிக்கவே கை வருவதில்லை.

நம் இரண்டு ஊர்களுக்கும் பொதுவான நோய் இது. கம்பியைத் தின்பது உப்புக்காற்று பாதி, உங்கள் வியர்வை பாதி. வாசித்து முடித்ததும் ஒரு பழைய வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, அடிப்பக்கமும் சேர்த்து, மேலிருந்து கீழாக இழுத்துத் துடைத்துவிட்டு உறைக்குள் வைத்தால் ஆயுள் இரட்டிப்பாகும். உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் நான்கைந்து போட்டு, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். கிட்டாரைச் சுவரில் தொங்கவிடுவது சென்னையில் உள்ள மாடி வீட்டுக்கு அழகு, காலாப்பட்டுக்கு ஆகாது. செருகும் ஜாக்கின் துளையிலும் பச்சை படியும், ஆண்டுக்கு இருமுறை கான்டாக்ட் கிளீனர் அடித்துவிடுங்கள்.

கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் புதிதாகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சுற்றுக்களுக்கு இடையே அடைந்த அழுக்கு வெளியேறுவதால் ஓரிரு வாரங்களுக்கு மினுக்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். வந்த துருவையும் அது போக்காது. மேலே மெல்லிய பூச்சு உள்ள கம்பிகள் விலை கூடுதல் என்றாலும் நம் காற்றில் கணக்குப் பார்த்தால் மலிவு. மெல்லிசைதான் வாசிக்கிறீர்கள் என்றால் இன்னொரு வழி உண்டு: தட்டையாகச் சுற்றிய ‘ஃபிளாட்வூண்ட்’ கம்பி. வழவழப்பாக இருக்கும், அழுக்கு தங்க இடம் குறைவு, ஒலி சற்று உருண்டு மங்கலாக வரும். அமெரிக்காவின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்து ஒலிப்பதிவுகளில் அடிநாதமாக இருந்த ஜேம்ஸ் ஜேமர்சன் இந்தக் கம்பிகளைத்தான் பயன்படுத்தினார், அவை அறுந்தாலொழிய மாற்றுவதில்லை என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்லும் செய்தி. வலக்கையில் ஆட்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து வாசித்தவரும் அவர்தான்.

ஈரக்காற்று மரத்தையும் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் கழுத்து வளைவதும் பங்குனியில் நிமிர்வதும் இயல்பு. கழுத்தின் திருகாணியைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நாளில் திருக வேண்டாம், திருகிவிட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஸ்பீக்கர் பெட்டி வாங்கும்போதும் மரத்தைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் கரையைக் கடந்தபோது என் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மரத்தூள் பலகையால் செய்த பெட்டி பொங்கல் பானைபோலப் பொங்கி மூலைகள் விரிந்துபோயிற்று. பிளைவுட் பெட்டியை வெயிலில் காயவைத்து இன்றும் பயன்படுத்துகிறேன்.

முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு வாசகி: எனக்குக் கை சிறியது. பேஸ் பெண்களுக்கு ஏற்ற வாத்தியம் இல்லை என்று குழுவில் உள்ள அண்ணன் ஒருவர் சொல்கிறார்.

அந்த அண்ணனிடம், ரகுமானின் மேடையில் வாசித்துப் புகழ்பெற்ற மோகினி டேயின் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்காவில் அறுபதுகளிலிருந்து ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்த கேரல் கேயின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். கை அளவுக்குத் தீர்வு இருக்கிறது: 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குலக் கம்பி நீளம் கொண்ட குட்டைப் பேஸ்கள் கிடைக்கின்றன. அதற்குரிய குட்டைக் கம்பியையே கேட்டு வாங்க வேண்டும். தோளுக்கு மூன்று அங்குல அகலப் பட்டை போடுங்கள். நான்கு கிலோ எடை இரண்டரை மணி நேரத்தில் எட்டுக் கிலோவாகிவிடும்; இதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை.

பண்ருட்டியிலிருந்து ஒரு வாசகர்: திருவிழாக் கச்சேரி முடிந்து வீடு திரும்பினால் இரண்டு நாள் காதுக்குள் ரீங்காரம் கேட்கிறது.

85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகிறது; 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸின் சிம்பலுக்குப் பக்கத்தில் நிற்பவர் அதைத் தாண்டியே நிற்கிறார். இசைக்காரர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்குங்கள், பஞ்சு வேண்டாம். பஞ்சு மேல் ஒலிகளைத்தான் கொஞ்சம் மங்கச் செய்யும். இரண்டு நாளைத் தாண்டியும் ரீங்காரம் நிற்கவில்லை என்றால் காது மருத்துவரைப் பாருங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து மூன்று நண்பர்கள்: ஜூன் 21 இசைத் திருநாளில் தெருவில் வாசித்ததைப் பார்த்து ஓர் உணவகத்தில் வாரம் ஒரு நாள் அழைத்திருக்கிறார்கள். நாற்பது பேர் உட்காரும் இடம். ‘சத்தம் குறையுங்கள்’ என்று முதல் நாளே மூன்று முறை சொல்லிவிட்டார் உரிமையாளர். குறைத்தால் உயிரே போய்விடுகிறது. என்ன செய்வது?

1982-இல் பிரான்சில் தொடங்கிய அந்தத் திருநாள் நம் ஊர்த் தெருக்களுக்கும் வந்ததால் உங்களைப் போன்ற பலருக்கு முதல் மேடை கிடைத்திருக்கிறது, வாழ்த்துகள். தெருவில் சுவர் இல்லை. உணவகத்தில் நான்கு சுவர் இருக்கிறது. உரிமையாளர் பக்கமும் நியாயம் உண்டு. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை, மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. மொட்டை மாடியும் முற்றமும் மூடிய அரங்கு ஆகா. அவற்றில் வாசித்தால் ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டை எடுத்துவிடுங்கள்.

குறைத்தால் உயிர் போகிறது என்பதற்கு வருகிறேன். நம் காது தாழ்ந்த ஒலிகளை மெல்லிய அளவில் சரியாகக் கேட்பதில்லை. திருகைக் குறைக்கும்போது பாட்டு சற்றுக் குறைகிறது, பேஸ் முற்றிலும் மறைகிறது. அந்த நேரத்தில் பேஸ் திருகைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிடுவார், ஏனெனில் சுவரைத் தாண்டிப் போவது அதுதான். நான் செய்வது வேறு. பாத்திரம் தேய்க்கும் பஞ்சிலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கம்பிகளின் கீழ்முனை அமரும் பிரிட்ஜை ஒட்டி, அவற்றுக்கு அடியில் செருகிவிடுவேன். சுரம் ‘டும்’ என்று எழுந்து உடனே அடங்கும், தவில்காரர் வலந்தலையில் விரலால் தட்டி உள்ளங்கையால் அடக்குவதுபோல. இழுபட்டு நிற்கும் வால் போய்விடுவதால் அறை நிறையாது, ஆனால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கமும் தெளிவாக விழுவதால் தாளம் கெடாது. டிரம்ஸ் வாசிக்கும் நண்பரைக் குச்சியை வைத்துவிட்டு பிரஷ்ஷோ, கஹோன் என்னும் மரப்பெட்டித் தாளவாத்தியமோ எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அவர் இணங்காவிட்டால் நீங்கள் மற்ற எதைக் குறைத்தும் பயன் இல்லை.

மூவர் குழுவில் இடைவெளி நிறைய இருக்கும், அதைப் பேஸ்தான் நிரப்ப வேண்டும் என்று விரல் துடிக்கும். முதல் ஆறு மாதம் நானும் நிரப்பினேன். ஒருநாள் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்த பரிமாறுபவர், ‘அண்ணே, நீங்க கம்மியா வாசிச்ச அந்த ரெண்டாவது பாட்டுதான் நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாட்டில் எனக்கு வரிசை மறந்துபோய், மூல சுரத்தை மட்டும் வாசித்துச் சமாளித்திருந்தேன்.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர்: புதுச்சேரிக்குப் பேருந்தில் போய் வாசித்துத் திரும்புகிறேன். பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை எவை?

பேருந்து என்பதால் முதலில் பை. உள்ளே தடித்த பஞ்சு வைத்த பையாக இருக்கட்டும். கிட்டாரின் தலையை மேலே வைத்து, இரு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், மேல் தட்டில் படுக்கவைக்காதீர்கள். ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தால் இன்ஜின் சூட்டில் சுருதி இறங்கும், இறங்கியதும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு ஒயர், டிஐ பாக்ஸ், கிளிப் டியூனர், ஒரு செட் கம்பி, சிறிய அலன் சாவிகள், மின்காப்பு நாடா, டார்ச், மழைக்காலத்தில் கிட்டார்ப் பையே நுழையும் அளவு பெரிய பிளாஸ்டிக் உறை. ஆம்ப்பைச் சுமக்க வேண்டாம். போகுமிடத்தில் மின்சார கிட்டார் ஆம்ப் ஒன்றுதான் இருக்கிறது என்றால் அதில் செருகிச் சத்தமாக வாசிக்காதீர்கள், அதன் ஸ்பீக்கர் பேஸின் உதறலைத் தாங்காது. கீபோர்டு ஆம்ப் இருந்தால் தாராளமாகச் செருகலாம்.

கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் ஒயரைச் செருகிய கணத்திலிருந்து அது செலவாகிக்கொண்டே இருக்கும், நீங்கள் வாசிக்காவிட்டாலும். ஒத்திகை முடிந்ததும் ஒயரைப் பிடுங்காமல் சாப்பிடப் போய், மறுநாள் மாலை ஒரு வரவேற்பு மேடையில் இரண்டாவது பாட்டின் பல்லவியில் என் ஒலி கரகரத்துத் தேய்ந்து நின்றது. வீடியோக்காரர் தன் வயர்லெஸ் மைக்கின் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தார். மாப்பிள்ளையின் தாத்தா வாழ்த்துரை வழங்க எழுந்தபோதுதான் அந்த மைக் எங்கள் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தது.